வலக்கை வெயில்

கிளம்பிப் போன பிறகும் நின்ற இடத்திலேயே நிற்கிற லாரி ஒன்று எங்கள் தெருவில் இருக்கிறது, நம்புகிறவர்கள் நம்பட்டும், நம்பாதவர்கள் சங்ககிரி மலைக்குப் பின்பக்கம் வந்து லேத்துப் பட்டறைகளைத் தாண்டி, கிரீஸ் டப்பாவில் துளசி வளர்க்கிற வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள், அந்த வீட்டின் பின்புறம் தகரக் கொட்டகைக்குள் நான்கு ஜாக்கிகளின் மேல், சக்கரங்கள் தரைக்கு ஒரு விரற்கடை மேலே தொங்க, பச்சைக் கேபினும் பாதி முடிந்த மரப் பாடியுமாக அது நிற்கும், சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தால் வண்டி வெளியூரில் இருக்கிறது என்று அர்த்தம், திரும்பிப் போய்ச் சாயங்காலம் பொழுதோட வரலாம்.

அதைக் கட்டியவர் தீர்த்தகிரியண்ணன். வாழ்நாளில் பாதிக்கு மேல் அடுத்தவன் லாரியை வடக்கே ஓட்டியவர், ஜன்னலோர வெயிலில் வலது கை கரிக்கட்டையாகவும் இடது கை மாநிறமாகவும் ஆகிப்போய், இரண்டு ஆளின் கைகளை ஒரே உடம்பில் தைத்துவிட்டது போலிருப்பார். சர்க்கரை கண்ணுக்கு ஏறி, எதிரே வருகிற வண்டியின் இரண்டு விளக்கும் ஒன்றாகிப் புகையாகத் தெரிகிறது என்று டாக்டரிடம் அவரே வாய்விட்டுச் சொல்லிவிட்டதால் லைசென்சு புதுப்பிக்கவில்லை. வீட்டுக்கு வந்தார், மூன்று நாள் கட்டிலில் கிடந்தார், எழுந்து போய் மலைப்பாதையில் கவிழ்ந்த ஒரு லாரியின் சேசிஸை ஏலத்தில் எடுத்துவந்து கொட்டகையில் போட்டார். டேங்கர் ஒன்றின் பின் ஆக்சில், மூக்கு நீண்ட பழைய மாடல் கேபின், எங்கெங்கோ கழற்றிய ஸ்பிரிங் பட்டைகள், எல்லாவற்றையும் தடவிப் பார்த்தே பொருத்தினார். பொருத்தியதைக் கழற்றி அதைவிட நல்லதைப் பொருத்துவார். ஸ்டீரிங் கனமாக இருக்கிறதென்று மாற்றினார், சீட்டு குலுக்கும் என்று காற்றில் மிதக்கிற சீட்டு போட்டார், படுக்கப் பலகை வைத்தார், பலகைக்கு மேலே ஃபேன் வைத்தார்.

நான் மில்லில் ராத்திரி ஷிப்டு. ஊரே வேலைக்குப் போன பகலில் வீட்டில் கிடக்கிறவன் நான் ஒருவன்தான், அவருடைய சுத்தியல் சத்தத்தில் தூக்கம் வராமல் எழுந்துபோய்க் கொட்டகை வாசலில் உட்கார்ந்துகொள்வேன்.

"கண்ணே தெரியாம எங்கீண்ணா ஓட்டப் போறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நர்மதைப் பாலத்துக்கு இக்கட்ட, நம்ம பக்கமா, ஒரு வளைவு இருக்குதப்பா. அங்க ஒத்தைப் புரசமரம். பங்குனியில ஒரு எலை இருக்காது, மரமே தீப்புடிச்ச மாதிரி பூத்து நிக்கும். அந்த ஒரு வளைவை மட்டும் நான் என்ற வண்டியில திருப்பிப்போட்டு வந்தரணும். பொறகு கண்ணு போனாப் போவுட்டும்."

"பஸ்ஸுல போய்ப் பாத்துட்டு வரலாமில்ல?"

"பஸ்ஸுல போனா மரந்தானே பாக்கறது? வளைவு?" என்றார். எனக்கு விளங்கவில்லை, விளங்கியது போல் தலையாட்டினேன்.

ராசாமணியக்கா, அவர் சம்சாரம், இதையெல்லாம் அடுப்படி ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருப்பாள். பவானி கூடுதுறையைத் தாண்டி வடக்கே அடி வைத்தறியாதவள். அவர் வருவார் என்று சோறாக்கி வைப்பதும் வராவிட்டால் அதில் தண்ணீர் ஊற்றி வைப்பதுமாக அந்த வீட்டில் அவளுக்கு வயதாகியிருந்தது.

பூசை போட்ட நாளில்தான் அது நடந்தது. ஆனியில் கடைசி நல்ல நாள், அதை விட்டால் ஆடி, ஆடியில் யார் புது வண்டிக்குப் பூசை போடுவார்கள்? எஞ்சின் சேலத்தில் லேத்தில் இருந்தது. அதை ஏற்றிவரத் தீர்த்தகிரியண்ணன் காலையிலேயே டெம்போவில் போனார், டெம்போ வழியில் பட்டையை உடைத்துக்கொண்டது, நேரமோ போய்க்கொண்டிருந்தது. போனில் கத்தினார், நேரத்தை விட்டுப்போடாதீங்க, நீங்களே நடத்துங்க என்று.

கேபின்களுக்குப் பேரெழுதுகிற பெயின்டர் அங்கப்பன்தான் எங்கள் பக்கம் வண்டிப் பூசையும் செய்வார், காதில் பிரஷ்ஷும் கையில் சூடத்தட்டுமாக நிற்பார். பொட்டு வைத்து, மாலை போட்டு, தட்டை எடுத்தவர் நின்றுவிட்டார்.

"ஆளில்லாத சீட்டுக்குச் சூடம் காட்டுனா வண்டி யாரு பேச்சும் கேக்காதுங்க. யாராச்சும் ஏறி உக்காருங்க."

ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அடுத்தவன் புது வண்டியில் அவனுக்கு முன்னால் உட்காருவது அவன் பந்தியில் அவன் இலையில் உட்காருவதற்குச் சமம், யாரும் செய்யமாட்டோம்.

"ஊட்டுக்காரம்மா உக்காந்தா அவரு உக்காந்த மாதிரிதானுங்களே?" என்றாள் பக்கத்து வீட்டுச் சாமியாத்தாள்.

"அதுவுஞ் செரி" என்றார் அங்கப்பன்.

ராசாமணியக்கா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஏறத்தெரியாமல் ஏறி, காற்றுச் சீட்டு பொசுக்கென்று அமுங்கியதும் வாயைப் பொத்திச் சிரித்தாள். சக்கரங்கள் இன்னும் மாட்டாமல் சுவரில் சாய்ந்திருந்தன, எலுமிச்சம்பழம் நசுங்காவிட்டால் வண்டி கிளம்பியதாகக் கணக்கில்லை என்பதால் அங்கப்பன் ஒவ்வொரு சக்கரமாக உருட்டிவந்து நான்கு பழத்தையும் நசுக்கினார், பூசணிக்காய் உடைத்தார், நாங்கள் எல்லோரும் வழக்கம்போல, புது வண்டிக்கு எப்போதும் சொல்கிற மாதிரி, சீட்டில் இருக்கிற ஆளைப் பார்த்துக் கையெடுத்து, "நல்லபடியாப் போய்ட்டு வாங்க" என்றோம். "செரிங்க" என்றாள் ராசாமணியக்கா, சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

கேபினுக்குள் யாருமில்லை. மாலையின் கீழ்நுனி மட்டும் பின்பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது. நாங்கள் பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

மத்தியானம் எஞ்சினோடு வந்து இறங்கிய தீர்த்தகிரியண்ணன் நேராக என்னிடம் வந்தார்.

"எங்கப்பா என்ற ஊட்டுக்காரி?"

"லாரி எடுத்துட்டுப் போயிருக்கறாங்கண்ணா."

"லாரி உள்ள நிக்குதே."

"ஆமாங்ண்ணா."

"எஞ்சின் இந்தா, டெம்போவுல இருக்குதே."

"ஆமாங்."

"அவளுக்கு ஓட்டத் தெரியாதே!" என்றார், அது ஒன்றுதான் அவருக்குப் பொறுக்கவில்லை என்பது போல.

பொழுது சாய ராசாமணியக்கா கதவைத் திறந்து இறங்கினாள். முடியெல்லாம் செம்மண். கால் மரத்துப்போய் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கே போனாய் என்று எல்லோரும் கேட்க, அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ரோடுதான் இருந்தது, முன்னால் ரோடு, கண்ணாடியில் பார்த்தால் பின்னாலும் ரோடு, போர்டெல்லாம் படிக்கத் தெரியாத எழுத்து, ஒரு இடத்தில் நிறைய எருமைகள், டோல்கேட்டில் இருந்த பையன் நமஸ்தே என்றான், திரும்பணும் என்று நினைத்தபோது அடுப்படி ஜன்னல் தெரிந்தது, இறங்கிவிட்டேன் என்றாள். சோறு வடிக்க அரிசியைக் கழுவினவள், வலது கை முழங்கை வரை சிவந்து எரிகிறது என்று தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டாள். தீர்த்தகிரியண்ணன் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

தெரு இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், முதல் வாரம் தூசியைப் பற்றித்தான் சண்டை வந்தது. கொட்டகையிலிருந்து கிளம்பிய செம்மண் புழுதி சாமியாத்தாள் காயப்போட்ட மிளகாயில் படிந்தது, "லாரி ஓட்டறவிய ரோட்டுல ஓட்டோணும், ஊட்டுக்குள்ள ஓட்டுனா?" என்று வாசலில் நின்று கேட்டாள். அடுத்த வாரம் அதே சாமியாத்தாள் ஒரு ஜாடி எலுமிச்சை ஊறுகாயோடு வந்து, நாக்பூரில் புக்கிங் ஆபீசில் இருக்கிற தன் மகனுக்குக் கொடுக்க முடியுமா என்று குரலைத் தணித்துக் கேட்டாள், ஊறுகாய் போனது, பதிலுக்கு ஒரு கூடை ஆரஞ்சு வந்தது, அதற்குப் பிறகு தூசியைப் பற்றித் தெருவில் யாரும் பேசவில்லை. முறுக்கு போனது, வளைகாப்பு வளையல் போனது, இந்தூரில் போர்வெல் வண்டியில் இருக்கிற மாப்பிள்ளைக்கு அவன் விட்டுப்போன கண்ணாடி போனது. அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கொட்டகை வாசலில் விட ஆரம்பித்தார்கள், ஏன் என்று கேட்டால் விழித்தார்கள். லாரி உரிமையாளர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து, டீசல் இல்லாமல் ஓடுகிற வண்டி தொழிலைக் கெடுக்கும் என்று ஆரம்பித்து, சக்கரத்துக்கும் தரைக்குமுள்ள சந்தில் கையை விட்டுப் பார்த்து, ஓடவே இல்லாத வண்டியைப் பற்றி என்ன தீர்மானம் போடுவது என்று தங்களுக்குள் குழம்பி, ஆளுக்கொரு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனார்கள்.

சக்கரங்களைத் தீர்த்தகிரியண்ணன்தான் மாட்டினார். ஓடுகிற வண்டி வெறும் ஆக்சிலோடு ஓடினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார். மாட்டியதிலிருந்துதான் அவை சுற்றத் தொடங்கின, அவருக்கும் அதிலிருந்துதான் மனசு கெட்டது. ஸ்டூலைப் போட்டு முன் சக்கரத்துக்கு எதிரே உட்கார்ந்துகொள்வார். கண் தெரியாவிட்டாலும் காற்று வருமே, அதை முகத்தில் வாங்கிக்கொண்டே சொல்வார், "ஏத்தம் ஏறறா… கியரைக் கொறைக்க மாட்டேங்கறா பாரு… ஆங், இப்பக் கொறைச்சா."

அவர் ஏறிப் பார்க்காமல் இல்லை. காலையில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார், சீட்டு அமுங்கியது, ஃபேன் ஓடியது, அடுப்படி ஜன்னல் அங்கேயே இருந்தது. கிளீனர் சீட்டில் உட்கார்ந்து அவளை ஓட்டச் சொன்னார், அவர் உள்ளே இருக்கிறவரை அவளுக்கும் வண்டி போகவில்லை. இருவரும் வெகுநேரம் முன்கண்ணாடியில் கொட்டகைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கல்யாணமானதிலிருந்து அவ்வளவு நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை என்று அக்கா பிறகு சாமியாத்தாளிடம் சொன்னாளாம்.

"அது உங்க வண்டிதானுங்களே. என்னையை ஏன் கூட்டிட்டுப் போவுது?" என்றாள் அவரிடம். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"நீ போவாம இரேன் புள்ள."

"நானும் பாக்கறனுங்க. சோறாக்கிப்போட்டுச் செத்த நேரம் உக்காரலாம்னு ஏறறேன். ஏறுனா ரோடு வந்துருதுங்க."

அவர் அங்கப்பனைக் கூப்பிட்டு மறுபடி பூசை போடச் சொன்னார், இந்தத் தடவை தான் உட்காருவதாக. அங்கப்பன் காதிலிருந்த பிரஷ்ஷை எடுத்து, திரும்ப வைத்து, "போயிருக்கிற வண்டிய எப்பிடிங்க மறுக்கா அனுப்பறது? வந்து சேரட்டுமுங்க" என்றார்.

"தினமும் வருதேய்யா!"

"அம்மா வர்றாங்க. வண்டி வந்த மாதிரி எனக்குத் தெரியலீங்க."

அந்தப் பேச்சில் தீர்த்தகிரியண்ணன் சேலத்திலிருந்து வந்த எஞ்சினை நினைத்துக்கொண்டார். பலகைமேல் சாக்குப் போர்த்தி மூலையில் கிடந்தது. அதைப் பூட்டி, ஜாக்கிகளை இறக்கி, சக்கரம் மண்ணைத் தொட்டால் மற்ற லாரிகளைப் போல் இதுவும் ஒரு லாரியாகிவிடும், அப்போது இது அவருடையது. பாதிக் கண்ணோடாவது நர்மதை வளைவுக்குப் போகலாம், போகிற வழியில் செத்தாலும் தன் வண்டியில் சாகலாம். விஷயம் தெரிந்து தெருவே வந்து வேண்டாம் என்றது. ஊறுகாய் ஜாடிகள் போவது நின்றுவிடும் என்று எங்களுக்குப் பயம், அதை மறைத்துக்கொண்டு, "உங்க கண்ணுக்கு ஆவாதுங்கண்ணா" என்றோம். அக்கா மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "உங்க வண்டி, நீங்க பாருங்க" என்றாள், சொன்ன மாதிரி இருந்தது, சொல்லாத மாதிரியும் இருந்தது.

மாசி பிறந்திருந்தது. ஒரு மத்தியானம் அவள் போயிருந்தாள், சக்கரங்கள் சீராகச் சுற்றிக்கொண்டிருந்தன, நான் வாசலில் அரைத்தூக்கத்தில் இருந்தேன். தீர்த்தகிரியண்ணன் எஞ்சின்மேல் இருந்த சாக்கை இழுத்துப் போட்டார், கையால் அதைத் தடவினார், பிறகு லாரிக்கு அடியில் போய் முன்பக்க இடது ஜாக்கியின் திருகைத் தளர்த்தினார்.

"அண்ணா, அக்கா உள்ள… அக்கா அங்க இருக்கறாங்கண்ணா!"

"தெரியுமப்பா. எனக்குத் தெரியாதா?" என்றார், திருகிக்கொண்டே. குரலில் கோபம் இல்லை, அழுகிற ஆள் அழுவதற்கு முன்னால் பேசுகிற குரல். வண்டி இடது முன்காலில் மெல்லச் சாய்ந்தது. டயர் மண்ணைத் தொட்டது, ஒரு கீச்சு, ரப்பர் வாடை, நின்றுவிட்டது. மற்ற மூன்று முனையிலும் சக்கரங்கள் சுற்றிக்கொண்டே இருந்தன.

அவர் முகத்தில் அப்போது வந்ததை நான் மறப்பதாக இல்லை. ஒரு சக்கரம் நின்று மற்றது ஓடினால் வண்டி என்ன ஆகும் என்று எங்கள் தெருவில் அவரைவிட யாருக்குத் தெரியும்? ஜாக்கியை ஏற்றினார். ஏற்றியது போதுமா, அதிகமா, தெரியவில்லை, கண் புகைந்தது, "ரசமட்டத்தை எடுத்தா, ரசமட்டம்!" என்று கத்தினார், நான் கொத்தனார் வீட்டுக்கு ஓடி வாங்கிவந்தேன், சேசிஸ்மேல் வைத்து, குமிழி எங்கே நிற்கிறது என்று நான் சொல்லச் சொல்ல, நெல் அளவு ஏற்றி நெல் அளவு இறக்கி, நடுவில் குமிழி நின்றபோது அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. இடது முன்சக்கரம் மட்டும் சுற்றவில்லை.

பொழுது சாய்ந்தது, அவள் வரவில்லை. சாமியாத்தாள் சோறு கொண்டுவந்து வைத்தாள், அவர் அதில் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தார், அவர் அதைச் செய்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. தெருவிலிருந்த பெண்கள் கொட்டகையில் உட்கார்ந்தார்கள், யாரும் யாரையும் திட்டவில்லை, திட்டலாமா கூடாதா என்று எங்களுக்கே பிடிபடவில்லை. நான் மில்லுக்குப் போய், வந்து, பார்த்தபோது விடிந்திருந்தது, அவர் அதே ஸ்டூலில், நின்ற சக்கரத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

"காத்தே இல்லையப்பா" என்றார்.

வெயில் உச்சிக்கு ஏறினபோது அந்தச் சக்கரம் ஒரு தரம் ஆடியது. பிறகு அவர் கன்னத்தை உரசிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. அவர் முகத்தை எடுக்கவில்லை.

கதவைத் திறந்து இறங்கிய ராசாமணியக்கா இடது பக்கமாகச் சாய்ந்து நடந்தாள்.

"என்னன்னே தெரியலீங்க, நேத்தைக்குத் திடீர்னு ரோடெல்லாம் எடப்பக்கமே சாஞ்சு போச்சு. ஓரமா நிறுத்திப்போட்டு உக்காந்திருந்தனுங்க. ஒருத்தரும் ஒண்ணுஞ் சொல்லலை. வண்டியில வர்றவிய எல்லாஞ் சாஞ்சே போறாங்க." அவர் கன்னத்தில் டயர் தடம் கறுப்பாக இருந்ததைப் பார்த்தாள், ஜாக்கியைப் பார்த்தாள், தரையில் ரப்பர் கோடு கிழித்திருந்ததையும் பார்த்தாள். "சாப்ட்டீங்களா?" என்றாள்.

"நீ?"

"தாபாவுல ரொட்டி சாப்ட்டனுங்க" என்று உள்ளே போனாள்.

அடுத்த நாள் சுத்தியல் சத்தம் மறுபடி கேட்டது. எஞ்சினுக்குச் சாக்கைப் போர்த்திவிட்டிருந்தார். சீட்டை ஒரு சாண் முன்னால் நகர்த்தினார். சேலையோடு ஏறுகிறவளுக்கு எட்டும்படி கீழே இன்னொரு படி பற்றவைத்தார், பக்கக் கண்ணாடியை அவள் உயரத்துக்கு இறக்கினார், கிளட்ச் மிதி தேய்ந்திருக்கிறது என்று மாற்றினார். "எப்பவுமே போட்டு அமுக்கறா. எத்தனை சொன்னாலும் கேக்க மாட்டா" என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

பங்குனி வந்தது. ஒரு பிற்பகல் அவள் இறங்கியபோது, வைப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு பூ மாட்டியிருந்தது. செம்மஞ்சளாக, கிளிமூக்கு மாதிரி வளைந்து, இன்னும் வாடாமல். அவள் அதைக் கவனிக்கவில்லை. நான்தான் எடுத்து அவர் கையில் வைத்தேன். அவர் அதைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"ஏ புள்ள, மரம் பூத்திருந்துதா?"

"எந்த மரமுங்க?"

"நர்மதைக்கு இக்கட்ட. வளைவுல."

"வளைவு வந்துதுங்க. நல்ல வளைவு. வண்டி தன்னால திரும்புது" என்றாள், கையை நீட்டி ஸ்டீரிங் திருப்புவதைக் காட்டினாள், காட்டும்போது முகம் ஒரு மாதிரி இளகியது. "மரம் பாக்கலீங்க. லோடு இருந்துச்சு, நின்னு பாக்க நேரமில்லை."

இத்தனை வருஷமும் வடக்கே என்ன பார்த்தீங்க என்று கேட்டால் அவர் அவளிடம் சொல்லிவந்த பதில் அது. அவருக்கும் அது தெரிந்திருக்கவேண்டும், சிரிக்கிறாரா என்று பார்த்தேன், எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை.

"நாளைக்கு எப்ப வருவ?"

"சொல்ல முடியாதுங்க. லோடு எறங்கணுமில்ல" என்றபடி அவள் மணையில் உட்கார்ந்தாள். அவர் தட்டைத் தடவி வைத்து, சோற்றைப் போட்டு, ரசம் ஊற்றினார். அவர் வலது கை வெளுத்து இடது கையின் நிறத்துக்கு வந்திருந்தது. தட்டை நோக்கி நீண்ட அவள் வலது கை முழங்கை வரை கரிக்கட்டையாக இருந்தது.